மாத்திரை மூலம் கருக்கலைப்பு: முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாள் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டிலேயே சோதித்ததில் இரண்டு கோடு வந்துவிட்டது. இந்தக் கர்ப்பம் இப்போது வேண்டாம் என்று மனம் சொல்கிறது. யாரிடம் கேட்பது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, கல்யாணம் ஆகவில்லை என்றால் பார்ப்பார்களா, பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமா? இப்படிப்பட்ட கேள்விகளோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடப் போகப்போகிற கணவரோ, தோழியோ, அக்காவோ படித்தாலும் நல்லது. எழுதியிருப்பது இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நிலைமையையும் வைத்து. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே சட்டம் இதை அனுமதிக்கிறது. அங்கே இருப்பவர்கள் இங்குள்ள சட்டப் பகுதியைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இந்தியாவில் கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. பதிவுபெற்ற, இதற்கான பயிற்சி உள்ள மருத்துவர் மூலமாகச் செய்துகொள்ளும் வரை நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சட்டவிரோதம் என்று நினைத்துப் பயந்து மறைக்கிற பெண்கள்தான் வாரக்கணக்கில் தாமதித்து, கடைசியில் ஆபத்தான கைகளில் போய் விழுகிறார்கள். மாத்திரை வழியில் நாள்தான் எல்லாம். சீக்கிரம் போனால் சுலபம், தள்ளத் தள்ளச் சிக்கல்.

முதல் வேலை: நாளை எண்ணுங்கள்

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மாதவிடாய் வந்தபோது ரத்தம் பட ஆரம்பித்த முதல் நாள் எது? அதுதான் கணக்கின் தொடக்கம். மார்ச் 3ஆம் தேதி வந்தது என்று வையுங்கள். ஏப்ரல் 21 அன்று 49 நாள், அதாவது சரியாக ஏழு வாரம். மே 5 அன்று 63 நாள், ஒன்பது வாரம். இந்தியாவில் இந்த மாத்திரைத் தொகுப்புக்கு அனுமதி உள்ளது 63 நாள் வரைதான். இந்த உதாரணத்தில் உள்ள பெண்ணுக்கு நாள் தள்ளியது தெரிந்தபோதே நாலு வாரம் ஓடிவிட்டது. மிச்சம் இருப்பது ஐந்து வாரம். அதில் ஆஸ்பத்திரியைத் தேடுவது, ஸ்கேன் எடுப்பது, லீவு கேட்பது எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கால் வீடுகளில் சண்டையே வந்திருக்கிறது. "நாங்க சேர்ந்து மூணு வாரம்தான் ஆச்சு, ஸ்கேன்ல அஞ்சு வாரம்னு போட்டிருக்கே?" என்று கணவர் சந்தேகப்படுவார். மருத்துவர்கள் கர்ப்பத்தை உறவுகொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவாவது பெரும்பாலும் அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே அந்த இரண்டு வார வித்தியாசம் எல்லாப் பெண்களுக்கும் வரும்.

மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், நீர்க்கட்டி உள்ளவர்கள், தாய்ப்பால் கொடுப்பதால் இன்னும் மாதவிடாயே திரும்பாதவர்கள் நாளை நம்பிக் கணக்குப் போட முடியாது. இரண்டு சொட்டுப் பட்டதை மாதவிடாய் என்று நினைத்துக்கொண்டவர்களும் அப்படித்தான். இவர்களுக்கு ஸ்கேன்தான் வழி. வயிற்றின் மேல் பார்ப்பதைவிடப் பிறப்புறுப்பின் வழியாகப் பார்க்கும் ஸ்கேனில் ஆரம்ப வாரங்கள் தெளிவாகத் தெரியும். அப்படிப் பார்க்கும்போது அசௌகரியமாக இருந்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எது அந்த மாத்திரை, எது இல்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குழப்பம் நடப்பது இங்கேதான்.

உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை, ஐ-பில் என்று பலரும் சொல்வது, கர்ப்பம் தங்காமல் இருப்பதற்கானது. தங்கிய கர்ப்பத்தை அது ஒன்றும் செய்யாது. இரண்டு கோடு வந்த பிறகு அதை இரண்டு, மூன்று என்று விழுங்கிப் பயனில்லை. அதேபோல் "பீரியட்ஸ் வரவைக்கிற மாத்திரை" என்று மருந்துக் கடையில் ஐந்து நாளைக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது புரோஜெஸ்ட்ரோன் வகை ஹார்மோன். கர்ப்பம் இல்லாதவருக்கு அதை நிறுத்தினால் மாதவிடாய் வரும். கர்ப்பமாக இருப்பவருக்குக் கர்ப்பம் கலையாது. கலையும் கலையும் என்று காத்திருந்ததில் இரண்டு வாரம் போனதுதான் மிச்சம்.

பப்பாளிக்காய், எள்ளும் வெல்லமும், அன்னாசி, கருஞ்சீரகக் கஷாயம்... இவற்றை நம்பிக்கொண்டிருப்பதும் நாளை வீணாக்கும் வேலை. எருக்கங்குச்சி வைப்பது, கண்ட வேரைச் செருகுவது போன்றவை வேறு ரகம். கர்ப்பப்பையில் ஓட்டை விழுந்து, சீழ் பிடித்து, பெண்கள் செத்துப்போயிருக்கிறார்கள். யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கருக்கலைப்பு மாத்திரை என்பது இரண்டு மருந்துகள். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம், ஒரே மாத்திரை. கர்ப்பம் தங்கி வளரப் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் தேவை. இந்த மாத்திரை அந்த ஹார்மோனை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. கர்ப்பப்பையின் உள்சுவர் தளர்கிறது, வாய் இளகுகிறது. இரண்டாவது மிசோப்ரோஸ்டால், 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, ஆக 800 மைக்ரோகிராம். இது கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து இது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு 1988இல் பிரான்ஸ் அனுமதி கொடுத்தது, 2002இல் இந்தியா கொடுத்தது. இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் இவை ஐந்து மாத்திரை கொண்ட ஒரே அட்டையாக வருகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

ஒன்பது வாரத்துக்குள் முறைப்படி எடுத்துக்கொண்டால், நூறு பேரில் 95க்கும் மேற்பட்டவர்களுக்கு வேறு சிகிச்சை இல்லாமலே முழுதாகக் கலைந்துவிடும். மீதிப் பேருக்குக் கொஞ்சம் உள்ளே தங்கும், அல்லது அபூர்வமாகக் கர்ப்பம் தொடரும். இவர்களுக்குக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய வேண்டிவரும். பிறகு போய்க் காட்ட வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மாத்திரையா, ஆஸ்பத்திரியிலேயே முடித்துக்கொள்வதா

மாத்திரை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். ஆரம்ப மாதங்களில் வெற்றிட உறிஞ்சல் முறையும் உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி உறிஞ்சி எடுப்பது. சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து "டி அண்ட் சி" என்றே சொல்லிவிடுகிறோம். கூர்மையான கருவியால் சுரண்டும் அந்தப் பழைய முறையைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் நீண்ட காலமாக வலியுறுத்துகிறது. மருத்துவர் "க்ளீன் பண்ணிடலாம்" என்றால், "வேக்குவம் முறையிலதானே டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். வீட்டில் ஒரு நாளாவது நிம்மதியாகப் படுக்க இடமும், கழிவறை வசதியும், கூட இருக்க ஒருவரும் உள்ளவருக்கு மாத்திரை நல்ல வழி. கருவி உள்ளே போகாது, மயக்க மருந்து இல்லை. ஒற்றை அறை வீடு, மாமியாருக்குத் தெரியக் கூடாது, விடுதியில் பொதுக் கழிவறை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக இரண்டு மணி நேரம் ஆகும் ஊர் என்று நிலைமை இருந்தால், ஒரே நாளில் முடிகிற உறிஞ்சல் முறை நிம்மதி. மருத்துவர் ஒன்றை மட்டும் சொன்னாலும் மற்றதைப் பற்றி விசாரியுங்கள்.

இந்த மாத்திரை யாருக்குக் கூடாது

கர்ப்பம் கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தலைசுற்றல், தோள்பட்டையில் வலி, விட்டுவிட்டு ரத்தம் படுதல் இருந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். முன்பு குழாயில் கர்ப்பம் தங்கியவர்களும், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த பிறகும் கர்ப்பமானவர்களும் கட்டாயம் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

காப்பர் டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பமாகியிருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். கடுமையான ரத்தசோகை, ரத்தம் உறைவதில் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, நீண்ட நாள் ஸ்டீராய்டு, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், இந்த மருந்துகளுக்கு முன்பே ஒவ்வாமை வந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நம் பெண்களில் ரத்தசோகை மிகச் சாதாரணம் என்பதால் ஹீமோகுளோபின் பார்க்காமல் மாத்திரை வாங்க வேண்டாம். முன்பு சிசேரியன் ஆனவர்களும் இந்த ஆரம்ப வாரங்களில் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சொல்லிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்களும் அதைச் சொல்லி, எப்போது பால் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்த வகையும் பார்ப்பார்கள். நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தம் பாதிக்கப்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை இங்கே பல மருத்துவர்கள் போடுகிறார்கள். 12 வாரத்துக்குள் அது தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

மருத்துவரிடம் போகும் நாள்

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மகப்பேறு ஓ.பி.யில் கேட்கலாம். சென்னையில் எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆகியவை எல்லோரும் அறிந்தவை. தனியார் என்றால், கருக்கலைப்புக்கு அனுமதி பெற்ற இடமா என்று பாருங்கள். அனுமதிச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது வாரத்துக்குள் மாத்திரை மட்டும் என்றால், தகுதியுள்ள மருத்துவர் தன் கிளினிக்கிலேயே எழுதித் தரலாம். ஆனால் அவசரத்துக்கு அனுப்ப, அனுமதி பெற்ற மருத்துவமனை ஒன்றோடு அவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி மருத்துவர்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. எங்கே விசாரிப்பது என்றே தெரியாதவர்கள் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் மருந்துக் கடைகளில் இந்த மாத்திரை கிடைப்பது அரிது. பல கடைக்காரர்கள் வாங்கி வைப்பதே இல்லை. எனவே மருத்துவமனையிலிருந்தே மாத்திரையைப் பெற்றுக்கொள்வது நல்லது. பெயர் தெரியாத ஆள் மூலமாகவும், கைப்பேசியில் விளம்பரம் பார்த்தும் வாங்குவது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு. அட்டையில் என்ன இருக்கிறது, காலாவதியானதா, எத்தனை வாரக் கர்ப்பம் என்று எதுவும் தெரியாமல் விழுங்குவதில் அர்த்தமில்லை. சட்டத்தின் பாதுகாப்பும் மருத்துவர் மூலம் போனால்தான்.

யாருடைய கையெழுத்து வேண்டும்? 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். இதை இன்னொரு முறையும் சொல்கிறேன்: கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாமனார், மாமியார், அப்பா, அம்மா யாருடையதும் தேவையில்லை. இருந்தும், "வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. குடிகாரக் கணவரிடமிருந்து தப்பி அம்மா வீட்டில் இருக்கும் பெண் எங்கே போய்க் கூட்டிவருவாள்? இந்த ஒரு வரியால் வாரங்கள் ஓடிப்போவதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. அப்படிச் சொன்னால், "சட்டப்படி என் சம்மதம் போதும் மேடம், சம்மதப் படிவம் 'சி'யில் நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அங்கே வாதாடி நாளைக் கழிக்காமல் அடுத்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இதே உரிமைதான். 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கருத்தடை பலிக்காமல் போன காரணத்தைச் சொல்லும் இடத்தில் "மணமான பெண், அவள் கணவர்" என்று இருந்ததை "எந்தப் பெண்ணும், அவள் துணைவரும்" என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் மணமானவர், ஆகாதவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்கு மேல் 24 வாரம் வரை, சட்டம் சொல்லும் சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். மாத்திரைக்காக ஒன்பது வாரத்துக்குள் போகிறவர்களுக்கு இரண்டாவது விஷயம் தேவைப்படாது.

உங்கள் பெயரும் விவரமும் ரகசியம். சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாரிடமாவது வெளியிட்டால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சிறுவர் சிறுமியரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் தெரிவிக்கத் தேவையில்லை என்று மேலே சொன்ன அதே தீர்ப்பில் இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து சிறுமிகளை மறைத்து வைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. "காப்பர் டி போட்டுக்கிட்டாத்தான் செய்வோம்" என்று யாரும் நிபந்தனை விதிக்க முடியாது. கருத்தடை நல்லதுதான், ஆனால் அது உங்கள் தனி முடிவு.

மருத்துவரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசக் கேளுங்கள். கூட வந்தவர்களின் வற்புறுத்தலால் போயிருந்தால், மனம் இன்னும் ஒப்பவில்லை என்றால் அந்தத் தனிமையில் சொல்லிவிடலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் கலைப்பது குற்றம். வீட்டில் மிரட்டல், அடி இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. முதல் மாத்திரையைப் போடும் வரை மனதை மாற்றிக்கொள்ள முழு உரிமை இருக்கிறது. போட்டுவிட்டால் பாதியில் நிறுத்தக் கூடாது, முழுவதையும் முடிக்க வேண்டும். மிசோப்ரோஸ்டால் எடுத்த பிறகும் கர்ப்பம் தொடர்ந்தால் குழந்தைக்கு ஊனம் ஏற்பட வாய்ப்பு உண்டு.

முதல் மாத்திரையிலிருந்து மூன்றாம் நாள் வரை

முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோனைத் தண்ணீரில் விழுங்கினால் போதும், பெரும்பாலும் மருத்துவர் முன்னாலேயே. அன்று பலருக்கு ஒன்றும் தெரியாது, வேலைக்குக்கூடப் போகலாம். சிலருக்குக் குமட்டும், கொஞ்சம் ரத்தம் படும். ரத்தம் பட்டுவிட்டது, வேலை முடிந்தது என்று இரண்டாவது மருந்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரைக் கேளுங்கள், திரும்பப் போட வேண்டியிருக்கலாம்.

ஒன்று முதல் இரண்டு நாள் இடைவெளியில் மிசோப்ரோஸ்டால். மருத்துவர் எந்த வழியைச் சொன்னாரோ அதையே பின்பற்றுங்கள். கன்னத்தில் அடக்குவது ஒரு வழி: பக்கத்துக்கு இரண்டாக, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து அரை மணி நேரம் கரைய விட வேண்டும். வாய் உலர்ந்து சாக்பீஸ் மென்றது போல இருக்கும். முன்னதாக ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயை நனைத்துக்கொண்டால் சுலபம். அரை மணி கழித்து மிச்சத்தைத் தண்ணீரோடு விழுங்கிவிடலாம். நாக்குக்கு அடியில் வைப்பதும் பிறப்புறுப்பில் வைப்பதும் மற்ற வழிகள். நேராக விழுங்குவது இந்த முறைக்குச் சரிவராது.

இந்த நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் நாளாக, மறுநாள் வேலை இல்லாத நாளாக இருந்தால் நல்லது. பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், மெத்தைமேல் போடப் பழைய புடவையும் அடியில் ரப்பர் ஷீட்டும், ஒத்தடத்துக்கு வெந்நீர்ப் பை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், மருத்துவர் எழுதிய வலி மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கைப்பேசியை சார்ஜ் போட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரி எண் அதில் இருக்கட்டும், எந்த வண்டியில் போவது என்றும் யோசித்து வையுங்கள். வயிற்றைக் காயப்போட வேண்டாம். இட்லியோ கஞ்சியோ ரசம் சாதமோ லேசாகச் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம்.

வலிக்கு இபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும். மருந்தின் வேலையை அது கெடுக்காது. வலி உச்சத்துக்குப் போகும் வரை காத்திருக்காமல், மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்தோ வலி தொடங்கும்போதோ போட்டுக்கொள்வது நல்லது. வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மணி நேரத்தில் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், இடுப்பு கடுக்கும், ரத்தம் வரும். சாதாரண மாதவிடாயைவிட அதிகமாக, கட்டி கட்டியாக வரும். குளிர் நடுக்கம், லேசான காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சில மணி நேரத்தில் அடங்கும். எல்லாம் மிசோப்ரோஸ்டாலின் குணம். பெரும்பாலோருக்கு நாலு, ஐந்து மணி நேரத்தில் கரு வெளியேறிவிடும், சிலருக்கு ஒரு நாள் வரை ஆகும். ஐந்து, ஆறு வாரம் என்றால் ரத்தக் கட்டியைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாது. எட்டு, ஒன்பது வாரத்தில் வெளிறிய சிறு பை போலத் தெரியக்கூடும். பார்க்க மனமில்லாதவர்கள் பார்க்கத் தேவையில்லை, கூட இருப்பவரிடம் சொல்லிவிடலாம். அது வெளியேறியதும் வலி சட்டென்று குறையும். குறைந்ததை நீங்களே உணர்வீர்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்

பெரிய நாப்கின் இரண்டு, ஒரே மணி நேரத்தில் முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் காத்திருக்காதீர்கள். இதற்காகத்தான் மென்சுரல் கப், துணி எல்லாம் இல்லாமல் நாப்கின் வைக்கச் சொல்கிறேன், கணக்குத் தெரியும். மயக்கம் வருவது, மிசோப்ரோஸ்டால் போட்டு ஒரு நாள் ஆன பிறகும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், வலி மாத்திரைக்கும் அடங்காத வயிற்று வலி, தோள்பட்டை வலி ஆகியவையும் அவசரம்தான். 108ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கும் வண்டியில் போய்விடுங்கள். போன இடத்தில் என்ன மாத்திரை, எந்த நாள் என்று உள்ளதைச் சொல்லுங்கள், சீட்டையும் கொண்டுபோங்கள். எங்கிருந்து எப்படி வாங்கியிருந்தாலும் இந்த நேரத்தில் பயந்து வீட்டில் கிடப்பதுதான் உயிருக்கு ஆபத்து.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. மிசோப்ரோஸ்டால் போட்டு 24 மணி நேரம் ஆகியும் ரத்தமே படவில்லை, அல்லது இரண்டு சொட்டோடு நின்றுவிட்டது. கர்ப்பம் அப்படியே இருக்கலாம், குழாயில் தங்கியதாகவும் இருக்கலாம். மறுநாளே போய்க் காட்டுங்கள்.

அதற்குப் பிந்தைய வாரங்கள்

ரத்தம் படிப்படியாகக் குறைந்து இரண்டு வாரம் வரை இருக்கும், லேசான கறை அடுத்த மாதவிடாய் வரைக்கும்கூட வரலாம். பத்தியம் எதுவும் தேவையில்லை. தலைக்குக் குளிக்கலாம். முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, ஈரல் என்று ரத்தம் ஊறும்படி சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் விடாமல் போடுங்கள். உடலுறவை ரத்தம் நிற்கும் வரை தள்ளிப்போடச் சொல்வது வழக்கம்.

பதினைந்தாம் நாள் வாக்கில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பலரும் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்காதீர்கள். அதற்குள் வீட்டில் சிறுநீர் சோதனை செய்து மறுபடி இரண்டு கோட்டைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ஹார்மோன் முழுதாக வடிய நாலு வாரம் வரை ஆகும். அதற்குப் பிறகும் கோடு வந்தாலோ, ஆறு வாரம் ஆகியும் மாதவிடாய் வரவில்லை என்றாலோ மறுபடி போங்கள்.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாடா என்று இருப்பவர்கள் உண்டு, சில நாள் அழுதுகொண்டே இருப்பவர்கள் உண்டு, இரண்டும் கலந்து வருபவர்களும் உண்டு. இதில் எதுவும் தவறில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பின்னால் குழந்தை பிறக்காது என்ற பயத்தை விட்டுவிடலாம். முறைப்படி நடந்த மாத்திரைக் கருக்கலைப்பு கருத்தரிக்கும் திறனைக் கெடுக்காது.

உண்மையில் எதிர்ப்பக்கம்தான் எச்சரிக்கை தேவை. எட்டு, பத்து நாளிலேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கலாம், மாதவிடாய் வருவதற்கு முன்பே மறுபடி கர்ப்பம் தங்கலாம். கருத்தடை மாத்திரையை மிசோப்ரோஸ்டால் போட்ட நாளிலேயே தொடங்க முடியும். வாரம் இருமுறை தொடங்கிப் பிறகு வாரம் ஒருமுறை போடும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். காப்பர் டி என்றால் முழுதாகக் கலைந்தது உறுதியான பிறகு, பதினைந்தாம் நாள் போகும்போதே போட்டுக்கொள்ளலாம். எது ஒத்துவரும் என்று முடிவாகும் வரை ஆணுறை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மகப்பேறு நலன் பற்றிய சட்டப்படி மருத்துவக் கருக்கலைப்புக்கும் சம்பளத்துடன் ஆறு வார விடுப்பு உண்டு. சான்று கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் சொல்ல விருப்பம் இல்லாதவர்கள் சாதாரண மருத்துவ விடுப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். வீட்டில் வைக்க முடியாது என்றால் கைப்பேசியில் படம் எடுத்து, பூட்டுப் போட்ட இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.